ஆடுகிற பிள்ளை ஆக்குகிற பிள்ளையாக...

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பெற்றோர்களுக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, ‘இணைய விளையாட்டுகளின் வழி பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் கற்பிக்க முடியுமா?’ என்பது. இந்தத் தலைப்பைக் கேட்டவுடனேயே உங்களில் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். “ஏற்கெனவே பையன் இரவு ஒரு மணி வரைக்கும் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஆடுகிறான். பாத்திரம் கழுவக் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. இதில் விளையாட்டால் படிப்பு வேறு வருமா?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

வேறு சிலருக்கு நேர்மாறான எண்ணம் இருக்கிறது. “எங்கள் வீட்டுப் பிள்ளை கணினியில் புலி. எந்த விளையாட்டைக் கொடுத்தாலும் அரைமணி நேரத்தில் கற்றுக்கொண்டு விடுகிறான். பிற்காலத்தில் கணினித் துறையில் பெரிய ஆளாக வருவான்” என்று பெருமைப்படுகிறார்கள்.

இந்த இரண்டு எண்ணங்களுமே முழு உண்மை அல்ல. விளையாட்டு ஆடுவதால் மட்டும் யாருக்கும் நிரல் எழுத வந்துவிடாது. நாள் முழுக்கத் திரைப்படம் பார்ப்பவர் இயக்குநர் ஆகிவிடுவதில்லையே! ஆனால் விளையாட்டின் மேல் பிள்ளைக்கு இருக்கும் ஆசையைக் கொண்டே அவனை நிரலாக்கத்துக்குள் அழைத்துவர முடியும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை ஆடுகிறவன் என்ற நிலையிலிருந்து ஆக்குகிறவன் என்ற நிலைக்கு நகர வேண்டும். அந்த நகர்வு எப்படி நடக்கிறது, அதில் கணினி தெரியாத பெற்றோரும் எப்படித் துணைநிற்கலாம் என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பாட்டியின் பல்லாங்குழி

முதலில், நிரல் என்றால் என்ன? பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியை நினைத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர்கள் கொங்காக் என்று ஆடுவதும் இதற்கு உறவுதான்.

ஒரு குழியில் இருக்கும் முத்துகளை அள்ளு. அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போ. கை காலியானதும் அடுத்த குழியைப் பார். அதில் முத்து இருந்தால் அதை அள்ளி மறுபடியும் போடத் தொடங்கு. அது காலியாக இருந்தால், அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்து உன் கணக்கில் சேர்த்துக்கொள். உன் முறை முடிந்தது.

இதுதான் நிரல். இதில் வரிசைக்கிரமமான கட்டளைகள் இருக்கின்றன. ‘கை காலியாகும் வரை போட்டுக்கொண்டே போ’ என்பது திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சி. ‘முத்து இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி’ என்பது நிபந்தனை. வென்ற முத்துகளைச் சேர்த்து வைக்கும் மடி இருக்கிறதே, அதைத்தான் நிரலாக்கத்தில் மாறி என்கிறார்கள். ஆட்டம் போகப்போக அதற்குள் இருக்கும் எண் மாறுகிறது. உலகத்தில் உள்ள பெரிய பெரிய மென்பொருள்களும் இந்த வரிசை, சுழற்சி, நிபந்தனை, மாறி என்ற நான்கையும் அடித்தளமாகக் கொண்டு எழுந்தவையே.

பாட்டிக்குக் கணினி தெரியாது. ஆனால் விதியை விதியாகப் புரிந்துகொண்டு பிசகாமல் நிறைவேற்றத் தெரியும். கணினியும் அதைத்தான் செய்கிறது. ஒரே வேறுபாடு, பாட்டி சொல்லாததையும் புரிந்துகொள்வார். கணினி சொன்னதை மட்டும்தான் செய்யும். ஆகவே கணினியோடு பேசுகிறவர் எதையும் விட்டுவிடாமல், தெளிவாகச் சொல்லப் பழக வேண்டும். அந்தப் பழக்கம்தான் நிரலாக்கக் கல்வியின் உயிர்.

ஆமையில் தொடங்கிய கதை

விளையாட்டின் வழி இதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்ற எண்ணம் நேற்று முளைத்தது அல்ல. 1967ஆம் ஆண்டில் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் அமெரிக்காவில் லோகோ என்ற நிரல்மொழியைப் பிள்ளைகளுக்காகவே உருவாக்கினார்கள். அதில் ஆமை ஒன்று உண்டு. ‘100 அடி முன்னே போ, 90 பாகை வலப்புறம் திரும்பு’ என்று சொன்னால் அது கோடு போட்டுக்கொண்டே நகரும். இதை நான்கு முறை திரும்பச் செய் என்றால் ஒரு சதுரம் வந்துவிடும். ஐந்து பக்கம் வேண்டுமானால் எத்தனை பாகை திரும்ப வேண்டும்? பிள்ளை 72 என்று கண்டுபிடிக்கும்போது, வடிவியல் பாடம் அவன் கைக்குள் வந்துவிடுகிறது. வாசலில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடும் நம் வீட்டுப் பெண்களுக்கு, ஒரே திருப்பத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பெரிய வடிவத்தைக் கொண்டுவரும் இந்த வித்தை புதியதல்ல.

பேப்பர்ட் 1980இல் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற நூலை எழுதினார். கணினி பிள்ளையை ஆட்டிவைக்கக் கூடாது, பிள்ளைதான் கணினியை ஆட்டிவைக்க வேண்டும் என்பதே அந்நூலின் அடிநாதம். அதே சிந்தனை வழியில் மிட்சல் ரெஸ்னிக்கும் அவருடைய குழுவினரும் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கி, 2007இல் வெளியிட்டதுதான் ஸ்கிராட்ச். 8 வயது முதல் 16 வயது வரை உள்ளவர்களை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. வண்ண வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்துவதுபோல் கட்டளைகளைப் பொருத்த வேண்டும். எழுத்துப்பிழை வராது. காசும் கட்ட வேண்டாம். உலகம் முழுவதும் 10 கோடிக்கும் அதிகமானோர் அதில் பதிந்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் 2017இல் இடைநிலைப்பள்ளி முதல் படிவத்தில் கணினி அறிவியல் அடிப்படை என்ற பாடம் அறிமுகமானபோது, இந்த ஸ்கிராட்ச் அதில் இடம்பெற்றது. ஆனால் எல்லா மாணவர்களும் அந்தப் பாடத்தை எடுப்பதில்லை. எல்லாப் பள்ளிகளிலும் அது கிடைப்பதுமில்லை. அண்டை நாடான சிங்கப்பூரிலோ, 2020 முதல் தொடக்கப்பள்ளி மேல்நிலை மாணவர்கள் அனைவருக்கும் 10 மணி நேர நிரலாக்க அறிமுகம் கட்டாயமாக்கப்பட்டது. பள்ளியில் கிடைக்காத பிள்ளைக்கு அது வீட்டிலாவது கிடைக்க வேண்டாமா? இந்த இடத்தில்தான் விளையாட்டு நமக்குக் கைகொடுக்கிறது.

மூன்று படிகள்

நிரலாக்கம் கற்பிக்கும் விளையாட்டுகளை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் படி, புதிர் விளையாட்டுகள். 2013இல் கோட் டாட் ஆர்க் என்ற அமைப்பு ‘ஒரு மணி நேர நிரலாக்கம்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. மைன்கிராஃப்ட் விளையாட்டின் பாத்திரங்களைக் கொண்டே 2015இல் அதற்கு ஒரு பாடம் வந்தது. பாத்திரத்தை விசையால் நகர்த்த முடியாது. ‘முன்னே போ, இடப்புறம் திரும்பு, மரத்தை வெட்டு’ என்று கட்டளைகளை அடுக்கி வைத்துவிட்டு ஓடவிட வேண்டும். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த விளையாட்டு என்பதால் தயக்கமில்லாமல் உள்ளே போய்விடுகிறான்.

இரண்டாம் படி, எழுதி ஆடும் விளையாட்டுகள். கோட்காம்பேட் என்ற இணைய விளையாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிலவறைக்குள் சிக்கிய வீரனை வெளியே கொண்டுவர வேண்டும். ஆனால் கட்டைகள் கிடையாது. பைத்தான் அல்லது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் உண்மையான கட்டளை வரிகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டாலும் வீரன் அசைய மாட்டான். பைத்தான், கணினித் துறையினர் அன்றாடம் பயன்படுத்தும் மொழி. அதைப் பகைவனை வெல்லும் வேகத்தில் பிள்ளை கற்றுக்கொள்கிறான்.

மூன்றாம் படிதான் மிக முக்கியமானது. தானே விளையாட்டை உருவாக்குவது. ஸ்கிராட்சில் இதைத் தொடங்கலாம். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ரோப்லாக்ஸ் ஸ்டூடியோ இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் ஆடும் ரோப்லாக்சில் உள்ள விளையாட்டுகள் பெரும்பாலும் அதைப் பயன்படுத்துகிறவர்களே உருவாக்கியவை என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? அதை உருவாக்கப் பயன்படும் மொழி, பிரேசில் நாட்டில் 1993இல் பிறந்த லுவா என்ற மொழியிலிருந்து வந்தது. லுவா என்றால் போர்த்துகீசிய மொழியில் நிலா என்று பொருள். ‘இந்தக் கல்லில் யாராவது கால் வைத்தால், அடுத்த விநாடி கல் மறைந்துவிட வேண்டும்’ என்று பிள்ளை எழுதும்போது, ஒரு நிகழ்வு நடந்தால் அதற்கு என்ன எதிர்வினை என்று யோசிக்கிறான். வங்கி இயந்திரத்தில் அட்டையைச் செருகியதும் திரை மாறுகிறதே, அதற்குப் பின்னாலும் இதே யோசனைதான்.

பல பிள்ளைகள் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். 20 புதிர்களை முடித்துவிட்டு, சான்றிதழை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, நிரலாக்கம் தெரியும் என்று சொல்கிறார்கள். புதிர் விளையாட்டில் குத்துமதிப்பாகக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டே வென்றுவிடலாம். ஏன் வென்றோம் என்று தெரியாமலேயே அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். மூன்றாம் படியில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. அங்கே விடை யாரிடமும் தயாராக இல்லை.

ரம்புத்தான் பிடிக்கும் கூடை

மூன்றாம் படியில் என்ன நடக்கிறது என்பதை ஓர் எளிய விளையாட்டைக் கொண்டு விளக்குகிறேன். மேலிருந்து ரம்புத்தான் பழம் விழுகிறது. கீழே ஒரு கூடை. அம்புக்குறி விசைகளால் கூடையை நகர்த்திப் பழத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு பழத்துக்கு ஒரு புள்ளி. கேட்பதற்கு எவ்வளவு எளிது!

இதை ஸ்கிராட்சில் செய்ய உட்கார்ந்தால், முதல் கேள்வியே பழம் எங்கே இருக்கிறது என்பதுதான். ஸ்கிராட்சின் மேடைக்கு நடுப்புள்ளி பூச்சியம். வலக்கோடியில் 240, இடக்கோடியில் எதிர்மம் 240. உச்சியில் 180, அடியில் எதிர்மம் 180. வகுப்பில் வரைபடத்தாளில் போட்டுப் போட்டு அலுத்துப்போன ஆயத்தொலைவுகளும் எதிர்ம எண்களும் இங்கே உயிர் பெறுகின்றன. பழம் விழ வேண்டுமானால் அதன் உயரத்திலிருந்து ஒவ்வொரு முறையும் 5 குறைய வேண்டும். உச்சியிலிருந்து அடிவரை 360. அப்படியானால் எத்தனை முறை குறைத்தால் தரையைத் தொடும்? 72 முறை. ஐந்தைப் பத்தாக்கினால் பழம் இரண்டு மடங்கு வேகமாக விழும். ‘கணக்கு எதற்கு உதவும்?’ என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

அடுத்து, புள்ளிக் கணக்கு. ‘பழம் கூடையைத் தொட்டால் புள்ளியில் ஒன்று கூட்டு’ என்று எழுதுகிறான். ஓடவிட்டுப் பார்க்கிறான். ஒரு பழத்தைப் பிடித்ததும் புள்ளி 8, 9, 10 என்று எகிறுகிறது! என்ன கோளாறு?

இந்த இடத்தில்தான் பிள்ளை நிரலாளன் ஆகிறான். கணினி விநாடிக்கு ஏறக்குறைய 30 முறை ‘தொடுகிறதா, தொடுகிறதா’ என்று பார்க்கிறது. பழம் கூடையைக் கடந்து போகும் அந்தக் கண நேரத்தில் பல முறை ‘ஆம்’ என்று விடை வருகிறது. ஒவ்வொரு ‘ஆம்’க்கும் ஒரு புள்ளி. கணினி தவறு செய்யவில்லை, சொன்னதைத்தான் செய்தது. சொன்னதில்தான் குறை. புள்ளியைக் கூட்டிய உடனேயே பழத்தை மறுபடி உச்சிக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிடும். ஒரே ஒரு கட்டை. ஆனால் அந்த ஒரு கட்டையைக் கண்டுபிடிக்கப் பிள்ளை அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பான். அந்த அரைமணி நேரம்தான் கல்வி. தயவுசெய்து அந்த நேரத்தில் விடையைச் சொல்லிக்கொடுத்து அதைப் பறித்துவிடாதீர்கள்.

பள்ளித் தாளில் தவறுக்குச் சிவப்பு மை. மதிப்பெண் போய்விடும். அதனால் நம் பிள்ளைகளில் பலர் தவறு செய்யப் பயந்து, எதையும் முயன்று பார்க்காமலேயே ஒதுங்கிக்கொள்கிறார்கள். விளையாட்டை உருவாக்கும்போது தவறு என்பது அடுத்த துப்பு. எங்கே பிழை, ஏன் வந்தது, எதை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும் மனம் வாய்த்துவிட்டால், அந்தப் பிள்ளை எதிர்காலத்தில் மெக்கானிக் ஆனாலும், மருத்துவர் ஆனாலும், கடை வைத்தாலும் அந்த மனம் அவனைக் கைவிடாது.

எச்சரிக்கையும் வேண்டும்

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் கடமை தவறியவன் ஆவேன்.

‘கற்றுக்கொள்கிறேன்’ என்ற பெயரில் பிள்ளை வெறுமனே ஆடிக்கொண்டிருக்கலாம். ரோப்லாக்ஸ் ஆடுவது வேறு, ரோப்லாக்ஸ் ஸ்டூடியோவில் உருவாக்குவது வேறு. ஸ்டூடியோ கைப்பேசியில் இயங்காது, கணினி வேண்டும். ஆகவே கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு “நான் நிரல் எழுதுகிறேன் அம்மா” என்று சொன்னால், எங்கே காட்டு பார்க்கலாம் என்று கேளுங்கள்.

பணமும் ஒரு பொறி. விளையாட்டுக்குள் உடைகள், ஆயுதங்கள், ரோபக்ஸ் என்ற விளையாட்டு நாணயம் என்று வாங்கத் தூண்டிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் வங்கி அட்டை எண்ணை விளையாட்டுக் கணக்கோடு இணைத்து வைக்காதீர்கள். முன்பின் அறியாதவர்களோடு உரையாடும் வசதியைக் கட்டுப்படுத்துங்கள். பெயர், பள்ளி, வீட்டு முகவரி, படம் ஆகியவற்றை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதைப் பிள்ளையிடம் ஒரு முறை சொன்னால் போதாது, அடிக்கடி நினைவூட்டுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடப்புக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், கட்டுப்பாட்டை மீறிய விளையாட்டுப் பழக்கத்தையும் ஒரு நலக்கோளாறாகச் சேர்த்திருக்கிறது. நீண்ட நேரம் ஆடுகிற எல்லாப் பிள்ளைகளும் நோயாளிகள் என்று அதற்குப் பொருள் அல்ல. ஆட்டத்தை நிறுத்த முடியாமல், மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி, கேடு விளைவதைப் பார்த்த பிறகும் தொடர்கிற நிலை, வழக்கமாக ஓராண்டுக்காவது நீடித்தால்தான் அப்படிக் கருதுகிறார்கள். அந்த அறிகுறிகள் தெரிந்தால் நிரலாக்கத்தைக் காரணம் காட்டி மூடி மறைக்காமல் மருத்துவரை நாடுங்கள்.

இன்னொன்று. நிரலாக்க வகுப்பு என்று பெயர்ப்பலகை மாட்டி மாதம் பல நூறு வெள்ளி வாங்கும் இடங்கள் இருக்கின்றன. நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஸ்கிராட்ச் இலவசம். கோட் டாட் ஆர்க் பாடங்கள் இலவசம். கோட்காம்பேட்டின் தொடக்கக் கட்டங்களும் இலவசம். ஸ்கிராட்சைக் கணினியில் ஒரு முறை பதிவிறக்கம் செய்துவிட்டால், இணையம் இல்லாமலும் வேலை செய்யலாம். பணம் இல்லையே என்று எந்தப் பெற்றோரும் மனம் தளர வேண்டியதில்லை. பழைய மடிக்கணினி ஒன்று போதும். அதுவும் இல்லாவிட்டால், பள்ளிக் கணினிக்கூடம், நூலகம், வட்டாரத்தில் உள்ள இணைய மையம் என்று விசாரியுங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே கணினியில் பிள்ளைகளை உட்கார வைப்பதும் நல்ல வழிதான். ஒருவன் சொல்ல, ஒருவன் செய்ய, மற்றவன் பிழை கண்டுபிடிக்க, மூவரும் கற்றுக்கொள்வார்கள்.

வீட்டில் ஒரே கணினி இருந்தால் அது அண்ணன் கைக்குத்தான் போகிறது. தங்கை பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறாள். லோகோவை உருவாக்கிய மூவரில் ஒருவர் சிந்தியா சாலமன் என்ற பெண்மணி என்று சொன்னேன் அல்லவா? மகளுக்கும் சரிசமமான நேரம் ஒதுக்குங்கள். அவளுக்குச் சண்டை விளையாட்டு பிடிக்காவிட்டால் கதை சொல்லும் விளையாட்டைச் செய்யட்டும். நிரல் ஒன்றுதான்.

பெற்றோர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

“எனக்குக் கணினியில் ஒன்றும் தெரியாதே, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?” என்று பலர் கேட்கிறார்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மூன்றே கேள்விகள்.

முதல் கேள்வி: “நீ என்ன கட்டளை கொடுத்திருக்கிறாய்? எனக்குத் தமிழில் படித்துச் சொல்.” திரையில் ஆங்கிலத்தில் இருப்பதை அவன் தமிழில் விளக்கத் தொடங்கும்போது, புரிந்து செய்தானா, குருட்டாம்போக்கில் செய்தானா என்பது தெரிந்துவிடும். விளக்கும்போதே தன் பிழையைத் தானே கண்டுபிடித்து, “இருங்கள் அப்பா” என்று திருத்தப் போய்விடுவான்.

இரண்டாம் கேள்வி: “இந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும்?” ஓடவிடுவதற்கு முன்பே அவன் பதில் சொல்ல வேண்டும். பிறகு ஓடவிட்டுப் பாருங்கள். சொன்னபடி நடந்தால் புரிந்திருக்கிறது. நடக்காவிட்டால் இன்னும் நல்லது. யோசிக்க ஒன்று கிடைத்திருக்கிறது.

மூன்றாம் கேள்வி: “இன்றைக்கு எது சரியாக வரவில்லை? எப்படிக் கண்டுபிடித்தாய்?” எத்தனை புள்ளி எடுத்தாய், எந்தக் கட்டம் முடித்தாய் என்று கேட்காமல் இதைக் கேட்டால், பிழையைத் தேடுவது மதிப்புள்ள வேலை என்பதைப் பிள்ளை உணர்வான்.

இந்தக் கேள்விகளைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டுக் களைத்து வரும் தந்தையும், நாசி லெமாக் பொட்டலம் கட்டும் தாயும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். தமிழில் சிந்திக்கும் பிள்ளைக்கு நிரலாக்கம் எட்டாக்கனி என்று நினைக்க வேண்டாம். ‘இருந்தால், இல்லாவிட்டால்’ என்பது எந்த மொழியிலும் ஒரே தர்க்கம்தான். தமிழ்ச் சொற்களைக் கொண்டே கட்டளை எழுதும் ‘எழில்’ என்ற நிரல்மொழிகூட உருவாக்கப்பட்டிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு இருக்கும்போது இது எதற்கு?

இப்போது பிள்ளைகளே ஒரு கேள்வி கேட்கிறார்கள். “2022இல் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேட்டால் அதுவே நிரல் எழுதித் தருகிறதே! நான் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?”

நல்ல கேள்வி. நம் ரம்புத்தான் விளையாட்டையும் அது எழுதித் தரும்தான். ஆனால் புள்ளி எகிறினால் எங்கே எகிறுகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டாமா? கணக்குப்பிள்ளையை வேலைக்கு வைத்தாலும், கணக்கைச் சரிபார்க்க முதலாளிக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத முதலாளி கணக்குப்பிள்ளை நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவார். இயந்திரம் எழுதித் தரும் காலத்தில், அது எழுதியது சரியா தவறா என்று சொல்லத் தெரிந்தவருக்கே மதிப்பு. ஆகவே முதலில் தானே எழுதட்டும். பிறகு இயந்திரத்திடம் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பெற்றோர் கேட்கும் அந்த முதல் கேள்வி இங்கேயும் பொருந்தும்: “அது எழுதியதை எனக்குத் தமிழில் படித்துச் சொல்.”

நம்மவர்கள் ஆக்கியவை

நிறைவாக ஒன்று. இன்று நாம் கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புகிறோம், தமிழில் செய்தி படிக்கிறோம். இது தானாக வந்துவிடவில்லை. கணினியில் தமிழ் எழுத்து தெரியாத காலத்தில், 1985இல், நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது. சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழ் ஏற அரும்பாடுபட்டார். 1997இல் தமிழ் இணைய மாநாட்டைச் சிங்கப்பூரில் கூட்டினார். இவர்கள் யாராவது செய்து தரட்டும் என்று காத்திருக்கவில்லை. இருந்த கருவியைப் பயன்படுத்துவதோடு நிற்காமல், இல்லாத கருவியை உருவாக்கினார்கள். அதன் பயனை இன்று தமிழ் எழுதும் ஒவ்வொருவரும் அனுபவிக்கிறோம்.

பிறர் செய்து தரும் விளையாட்டை மட்டும் ஆடிக்கொண்டு, பிறர் செய்து தரும் செயலியை மட்டும் பயன்படுத்திக்கொண்டு இருக்கும் சமுதாயம், பிறர் வைக்கும் விலையையும் விதியையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். நம் பிள்ளைகளில் எல்லோரும் மென்பொருள் பொறியாளர் ஆகப்போவதில்லை; ஆகவும் வேண்டியதில்லை. ஆனால் இதை என்னாலும் செய்ய முடியும் என்ற துணிவு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முறையாவது வாய்க்க வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, இந்த வார இறுதியில் உங்கள் பிள்ளையைக் கூப்பிடுங்கள். ‘எப்போது பார்த்தாலும் விளையாட்டா?’ என்று அதட்டாமல், ‘நீ ஆடுகிற மாதிரி ஒரு விளையாட்டை எனக்காகச் செய்து காட்ட முடியுமா?’ என்று கேளுங்கள். முதல் வாரம் ஒரு பூனை திரையில் இடமிருந்து வலமாக நடந்தால் போதும். இரண்டாம் வாரம் அது சுவரில் முட்டித் திரும்பட்டும். மூன்றாம் வாரம் பழம் விழட்டும். செய்து முடித்ததை நீங்கள் ஆடிப் பாருங்கள். தோற்றுப்போங்கள். உங்கள் பிள்ளை எழுதிய விதிக்கு நீங்கள் கட்டுப்பட்டு ஆடும் அந்த ஐந்து நிமிடம், அவனுக்குப் பெரிய பரிசு.